பரிசுப் போகணி

தெரிந்தே மறைத்தவர் நீங்கள்தான், டாக்டர் ஐயா. ஈயம் பூசியவர் இல்லை. கூழ் கரைத்துக் கொடுத்த தாய்மார் இல்லை. நீங்கள்.

போன மாதம் சேலம் அஸ்தம்பட்டியில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என்னை உங்களுக்கு அடையாளம் தெரிந்திருக்காது. தலை நரைத்துவிட்டது, பல்லும் பாதி போய்விட்டது. சண்டைக் காலத்தில் மோகனூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நடத்திய குழந்தைக் காட்சிகளைப் பற்றிப் பேசினீர்கள். அழுக்குச் சட்டியில் கூழ் குடித்த ஜனங்களைப் பளபளக்கும் பாத்திரத்தில் குடிக்க வைத்தது உங்கள் வாழ்நாள் சாதனை என்றீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க தட்டலீங்களா?" என்று கேட்டார். கை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கை வலிக்கவில்லை.

அந்தப் பாத்திரத்தைப் பற்றி நீங்கள் சொல்லாமல் விட்டதை நான் எழுதுகிறேன். எனக்கு மேடைப் பேச்சு வராது. பிள்ளைப்பேறு பார்க்க வரும், ஏச வரும், எழுத்து சுமாராக வரும்.

ஜலகண்டாபுரத்தில் தறி வீட்டில் பிறந்த நான் மிட்வைஃப் படிப்பு முடித்து அந்தப் பக்கம் வந்தபோது எனக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நீங்கள் மேலதிகாரியாக இருந்த நலச் சங்கம்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தது. வாய்க்கால் ஓரத்தில் ஓட்டு வில்லை போட்ட ஓர் அறை. அதுதான் ஆஸ்பத்திரி, அதுதான் என் வீடு. சுற்றிலும் கம்பங்காடு, சோளக்காடு, ஆற்றுப் பக்கம் வாழை. சுகாதாரம் என்று சொல்லிக்கொண்டு ஊருக்குள் வருகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருவர் அம்மை குத்துகிறவர். நெட்டையான மனிதர். அவர் சைக்கிள் சத்தம் கேட்டாலே குழந்தைகள் காட்டுக்குள் ஓடிவிடும்.

இல்லாத குற்றத்தை உங்கள் மேல் சுமத்த மாட்டேன். சட்டி வேண்டாம் என்று நீங்கள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வருஷங்களில் காலரா வந்து வீடு வீடாக வாரிக்கொண்டு போயிருந்தது. மண்சட்டியைத் தேய்த்தால் அழுக்கு முழுதும் போகாது, பித்தளை ஏனத்தைச் சாம்பல் போட்டுத் துலக்கி வெந்நீர் ஊற்றிக் கழுவலாம் என்றீர்கள். பித்தளையில் புளிப்பு பட்டால் களிம்பு ஏறும், அதனால் உள்ளே ஈயம் பூச வேண்டும் என்றீர்கள். எல்லாம் சரி. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. நானும் வீடு வீடாகப் போய் அதைத்தான் சொன்னேன்.

தைப் பொங்கல் கழிந்து குழந்தைக் காட்சி வைத்தீர்கள். கொட்டகை போட்டு, தோரணம் கட்டி, தராசில் குழந்தைகளை நிறுத்து, கொழுகொழு என்று இருந்தவர்களுக்கும் சுத்தமான வீட்டுக்காரர்களுக்கும் பரிசு கொடுத்தீர்கள். பரிசு ஒரு போகணி. குழந்தை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிற அளவு, வாய் அகன்ற பித்தளை ஏனம். உள்ளே புத்தம் புதிதாக ஈயம் பூசி நிலா மாதிரி இருந்தது. ஈயம் பூசுகிறவரைக் கொட்டகை ஓரத்திலேயே உலை வைத்து உட்கார வைத்திருந்தீர்கள். அவர் மனைவி துருத்தி ஊதினாள். ஜனங்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அப்போது சப்பான்காரன் மலாயாவைப் பிடித்துவிட்டான். அங்கிருந்து வந்துகொண்டிருந்த வெள்ளீயம் நின்றுபோனது. கடைவீதியில் மருந்துக்குக்கூட இல்லை. உங்கள் சங்கம் எங்கிருந்தோ வாங்கி அனுப்பிய கட்டியைத்தான் அவர் பூசினார். உங்களிடம் வந்து துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "இது சுத்தமில்லீங்க. காரீயம் எச்சாச் சேர்ந்திருக்குதுங்க" என்றார். சண்டைக் காலத்தில் கிடைப்பதை வைத்துத்தான் பூச வேண்டும், எல்லாம் ஈயம்தான் என்று சொல்லி அனுப்பினீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கும் அன்றைக்கு ஈயம் என்றால் ஈயம்தான். காரீயம் குழந்தையை என்ன செய்யும் என்று எங்கள் படிப்பில் ஒரு வரி கிடையாது. வர்ணம் அடிக்கிறவர்களுக்கும் அச்சுக் கோக்கிறவர்களுக்கும் வரும் நோய் என்று எங்கோ ஒரு மூலையில் இருந்தது. கம்பங்கூழ் குடிக்கிற குழந்தைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

முதல் பரிசு வாங்கியது ஒரு பெண் குழந்தை. வாய்க்கால் பாசனத்தில் வெள்ளாமை செய்கிற வீடு. அந்தக் குழந்தைக்கு முன்னால் பிறந்தவை தங்கவில்லை. அதனால் தாய் என் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். நகம் வெட்டு என்றால் வெட்டினாள். கொதித்த தண்ணீர் என்றால் கொதித்த தண்ணீர். மாமியாரும் நங்கையும் கேலி பேசினால், "நர்சம்மா சொன்னா செரியாத்தானுங்க இருக்கும்" என்று வாயை அடைத்துவிடுவாள். நங்கை என்றால் புருஷனுடைய அக்காள்.

விடிகிற நேரத்தில் களை வெட்டப் போகிற பெண்கள் அவர்கள். குழந்தைக்குக் காலையில் நின்று கூழ் கரைக்க நேரம் இருக்காது. முதல் நாளே கம்பங்கூழில் மோரை விட்டுக் கரைத்துக் குழந்தையின் பங்கை அதன் ஏனத்தில் ஊற்றி உறியில் வைத்துவிடுவார்கள். மறுநாள் உச்சி வரைக்கும் அதுதான். நன்றாகப் புளித்து நுரை கட்டி இருக்கும். முன்பு அதைச் சட்டியில் ஊற்றி வைத்தார்கள். பரிசு வந்த பிறகு போகணியில் ஊற்றி வைத்தார்கள். புளிப்பு காரீயத்தைத் தின்றது. குழந்தை புளிப்பைக் குடித்தது.

மாசி கழியும்போது அந்தக் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டது. வெளிக்குப் போகவில்லை. முகம் வெளுத்தது. சுவரைச் சுரண்டி மண் தின்றது. ஓடி விளையாடிய குழந்தை யாரைக் கண்டாலும் சிணுங்கியது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி குழந்தைக்கு வயிற்றுவலி என்றால் பூச்சி. பூச்சி மருந்து கொடுத்தேன். பூச்சி ஒன்றும் விழவில்லை. பங்குனியில் குழந்தை நடக்கையில் தடுக்கி விழ ஆரம்பித்தது. பாதத்தின் முன்பக்கம் தொங்கிவிட்டது. காலைத் தூக்கி வைத்தாலும் விரல்கள் மண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தன. வாசலில் அது நடந்து போன இடமெல்லாம் குச்சியால் கிழித்த மாதிரி இரண்டு கோடு கிடக்கும். தாய் அந்தக் கோட்டைக் காலால் அழித்துக்கொண்டே பின்னால் வருவாள். யாரும் பார்க்கக்கூடாது என்று.

ஊர் பார்த்துவிட்டது. கண் பட்டுவிட்டது என்றது. கொட்டகையில் ஊரே பார்க்கக் குழந்தையைத் தராசில் நிறுத்தினால் கண் படாமல் என்ன செய்யும்? பரிசு வாங்கின மற்றக் குழந்தைகளும் ஒவ்வொன்றாகச் சோர்ந்து படுத்தன. பரிசுதான் பிள்ளைகளைத் தின்னுது என்று சந்தையில் பேச்சு. சில வீட்டில் மிளகாய் சுற்றிப் போட்டார்கள். இன்னும் சில வீட்டில் போகணியைத் துணியில் கட்டி, பரண் மாதிரி இருக்கிற அட்டாலியில் ஏற்றிவிட்டார்கள். கண் பட்ட பொருள் கண்ணில் படக்கூடாதாம். நான் போய்த் திட்டினேன். உங்களுக்கும் சொல்லி அனுப்பினேன். படிக்காத ஜனம் என்று சிரித்தீர்கள். முதல் பரிசுக் குழந்தையின் தாய் மட்டும் அசையவில்லை. நங்கை போகணியைப் பிடுங்க வந்தபோது தர மாட்டேன் என்று மார்போடு அணைத்துக்கொண்டாள். கண்ணும் இல்லை, காத்தும் இல்லை, நர்சம்மா சொன்னதை நான் விட மாட்டேன் என்றாள்.

சித்திரையில் ஒரு நாள் அம்மை குத்துகிறவர் என் அறை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சும்மா நின்றார். எப்போதும் வம்பு பேசுகிற மனிதர்.

"ஏம்மா, ஒண்ணு சொன்னாத் திட்டுவீங்களா?"

"திட்டறது சொன்ன பெறகு. சொல்லுங்க."

"நம்ம பேச்சைக் கேட்ட ஊட்டுப் புள்ளைங்கதான் படுத்திருக்குது. கேக்காம போகணிய அட்டாலியில போட்டவங்க புள்ளைங்க என்னையப் பாத்ததும் எந்திரிச்சு ஓடுது. போன மாசம் ஓடலீங்க. இப்ப ஓடுது. ஓடுதுன்னா காலு நல்லா இருக்குதுன்னுதானே அர்த்தம்?"

நான் திட்டவில்லை. அந்த ஆள் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் செய்யவில்லை. குழந்தைகளைத் துரத்திப் பிடிப்பதே அவர் பிழைப்பு. எது ஓடும், எது ஓடாது என்று அவருக்குத் தெரியும். அவர் போன பிறகு நானே வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. கண்ணுக்குப் பயந்தவர்களின் குழந்தைகள் தேறின. எங்களை நம்பியவர்களின் குழந்தைகள் தேய்ந்துகொண்டே போயின. போகணியில் என்னமோ இருக்கிறது என்று மட்டும் புரிந்தது. என்ன என்று தெரியவில்லை.

தாயையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு சேலம் போனேன். நாமக்கல் வரைக்கும் வண்டி, அங்கிருந்து கரி பஸ். பெட்ரோல் இல்லாத காலம். பின்னால் அடுப்பை மூட்டிக்கொண்டு அந்த பஸ் மேட்டில் மூச்சு வாங்கி நிற்கும், நாங்கள் இறங்கித் தள்ளுவோம். தாய் இடுப்பில் குழந்தை, தோளில் பை. பைக்குள் மோர். அதுவும் அந்தப் போகணியில்தான். வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி எடுத்து வந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா குழந்தையைப் பார்த்தார். வயிற்றை அழுத்தினார். காலைத் தூக்கிப் பார்த்தார். உதட்டை விலக்கி ஈறைப் பார்த்ததும் வெளிச்சத்துக்குத் திருப்பச் சொன்னார். பல்லோடு ஈறு சேருகிற இடத்தில் மெல்லிசாக ஒரு நீலக் கோடு. மை தொட்டு இழுத்த மாதிரி. நான் எத்தனையோ தடவை அந்த வாயைத் திறந்து நாக்கைப் பார்த்திருக்கிறேன். ஈறைப் பார்க்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அப்பா அச்சாபீசில் வேலை செய்கிறாரா, வீட்டுக்கு வர்ணம் அடித்தீர்களா, நாட்டு மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை. அப்போது குழந்தை தாகத்துக்கு அழுதது. தாய் பையிலிருந்து போகணியை எடுத்துத் துணியை அவிழ்த்தாள்.

டாக்டரம்மா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். மோரை ஒரு கிண்ணத்தில் ஊற்றிவிட்டு உள்ளே கழுவித் துடைத்தார். மேஜையில் இருந்த வெள்ளைக் காகிதத்தை மடித்து உள்ளே வைத்துத் தேய்த்தார். காகிதம் கறுத்தது. பென்சிலால் கிறுக்கின மாதிரி. வெள்ளீயம் இப்படிக் கறுக்காது, காரீயம்தான் கறுக்கும் என்று எனக்கு விளக்கினார்.

"இது எங்கே வாங்கினது?"

"வாங்கலீங்க. பரிசுங்க. சுத்தமா இருக்கறதுக்குக் குடுத்தாங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது?

தாய் அழவில்லை. கிண்ணத்து மோரை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வந்தாள். வந்து ஒரே கேள்வி கேட்டாள்.

"நடக்குமுங்களா?"

"உள்ளே போகிறதை நிறுத்தினால் நடக்கும். என்றைக்கு என்று என்னைக் கேட்காதே அம்மா."

பால் கொடு, முட்டை கொடு, புளிப்பு ஏதும் ஈய ஏனத்தில் வைக்காதே. மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அது நுழைகிற வாசலை அடைப்பதுதான் மருந்து என்றார். எல்லாத் தாய்களுக்கும் சொல், உன் கூட வேலை செய்கிறவர்களுக்கும் சொல் என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

அன்றைக்கே சேலத்தில் இருந்த உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். ஞாபகம் இருக்கிறதா? தாயையும் குழந்தையையும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் போகணியோடு உள்ளே வந்தேன். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். நம்ப முடியவில்லை என்றீர்கள். காகிதம் கேட்டேன். கொடுக்கவில்லை. மேஜை மேல் உங்கள் கைக்குட்டை இருந்தது, சலவை மடிப்புக் கலையாமல். அதை எடுத்துப் போகணிக்குள் விட்டுத் தேய்த்து உங்கள் முன்னால் விரித்தேன்.

உங்களுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. நீங்கள் டாக்டர். எனக்குத் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழி இல்லை.

பிறகு சொன்னீர்கள்: "இதை ஊரில் பேசாதே. பேசினால் மறுபடியும் சட்டிக்குப் போவார்கள். அம்மை குத்தக்கூடக் கை நீட்ட மாட்டார்கள். நாளைக்குக் காலரா வந்தால் யார் பதில் சொல்வது?"

"இன்னைக்கு யாருங்க பதில் சொல்றது?" என்றேன்.

என் தகுதி என்ன என்று ஞாபகப்படுத்தினீர்கள். ஆத்தூருக்கு மாற்றிவிட முடியும் என்பதையும் ஞாபகப்படுத்தினீர்கள். அப்புறம் கைக்குட்டையை எடுத்து, கறுப்பு உள்ளே போகும்படி மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள். இத்தனை வருஷத்தில் எனக்கு மறக்காதது அதுதான். எறிந்திருக்கலாம். என் மூஞ்சியில் வீசியிருக்கலாம். அழகாக மடித்து வைத்துக்கொண்டீர்கள்.

திரும்புகிற பஸ்ஸில் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். தாய் என்னைவிட நிதானமாக இருந்தாள். நடந்ததை அவளுக்குச் சொன்னேன். யோசித்துவிட்டு, அப்படியானால் கண் பட்டதென்றே இருக்கட்டுமே என்றாள். எல்லோரும் பயந்து போகணியை எடுத்து வைத்துவிடுவார்கள், குழந்தைகள் பிழைத்துக்கொள்ளும், என் வேலையும் போகாது என்றாள். எனக்கும் ஒரு நிமிஷம் அது நல்ல யோசனையாகப் பட்டது. மேட்டில் பஸ் நின்றது. இறங்கித் தள்ளினோம். ஏறி உட்கார்ந்த பிறகு அவளே சொன்னாள்.

"இல்லீங்க நர்சம்மா. அது ஆவாது. நாந்தான் கண்ணுன்னு நம்பலியே. என்னையாட்டம் நம்பாதவ இன்னும் எத்தன பேரு இருப்பாளோ. அவ புள்ள காலு?"

அடுத்த சந்தையில் எல்லோருக்கும் காட்டிவிடுவது என்று முடிவு செய்தோம்.

அடுத்த சந்தையில் மோகனூரில் அவள் போகணியோடு வந்து உட்கார்ந்தாள், காய்கறி விற்கிறவர்கள் வரிசையில், கடை போட்ட மாதிரி. நங்கையும் கூட வந்தாள். போகணியைப் பிடுங்க வந்த அதே நங்கை. துணைக்கு வந்தாளா, வேடிக்கைக்கு வந்தாளா என்று தெரியாது. குழந்தை மடியில். நான் பின்னால் நின்றேன். போகிற வருகிற பெண்களைக் கூப்பிட்டு, வெள்ளைத் துணியை உள்ளே விட்டுத் தேய்த்துக் காட்டினாள். காலைக் காட்டினாள். அதுவரை மண்ணில் அழித்து அழித்து மறைத்த காலை.

ஒரு கிழவர், பொம்பளை சந்தையில் உட்கார்ந்து சர்க்கார் மேல் பிராது சொல்வதா என்றார். நங்கை திரும்பினாள். "பிராது இல்லீங்க மாமா, ஏனம் விக்கறோமுங்க. உங்க பேரனுக்கு ஒண்ணு வேணுமுங்களா?" கிழவர் போய்விட்டார். சிரிப்பு கேட்டு இன்னும் நாலு பேர் கூடினார்கள்.

ஈயம் பூசுகிறவரும் அன்றைக்குச் சந்தையில் இருந்தார். அடிப்பார்கள் என்று பயந்துதான் வந்தார். யாரும் அடிக்கவில்லை. அவர் அப்போதே சொன்னார், நான் கேட்டேன், நான் சாட்சி என்று சத்தமாகச் சொன்னேன். தன் பையிலிருந்து பழைய வெள்ளீயத் துண்டு ஒன்றை எடுத்துத் துணியில் தேய்த்துக் காட்டினார். கறுக்கவில்லை. இனிமேல் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள், நான் பூசினதையும் தேய்த்துப் பாருங்கள் என்றார்.

போகணிகள் அட்டாலிக்குப் போயின, சில பாத்திரக் கடைக்குப் போயின. அப்புறம் கூழுக்கு என்ன செய்வது? சட்டிதான். ஆனால் பழைய சட்டி இல்லை. சட்டியை எப்படிச் சுத்தம் செய்வது என்று நாங்கள் ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. தூக்கிப் போடு என்று மட்டும்தான் சொன்னோம். இப்போது வீடு வீடாகப் போய்ச் சட்டியில் வெந்நீர் கொதிக்க வைத்துக் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்து, உச்சி வெயிலில் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். கூழுக்கு ஒன்று, மோருக்கு ஒன்று, விரிசல் விட்டால் உடைத்துப் போடு. அது பெரிய வேலையாக இல்லை. முதலிலேயே செய்திருக்கலாம். நீங்கள் பயந்த காலரா அடுத்த மழைக்கு வந்தது. கிணற்றுக்கு மருந்து போட்டோம், தண்ணீரைக் காய்ச்சச் சொன்னோம். சட்டியால் எந்த வீடும் அழியவில்லை.

என் கூட வேலை செய்கிறவர்களுக்குச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சம்பளம் வாங்குகிற நாளில் சுற்று வட்டாரத்து மிட்வைஃப்களும் அம்மை குத்துகிறவர்களும் நாமக்கல் கோட்டை மலை அடிவாரத்தில் கூடுவோம். அங்கே சொன்னேன். ஒரு மூத்த மிட்வைஃப், "சம்பளம் வாங்க வந்தியா, சாமியாட வந்தியா?" என்றாள். நான் போகணியையும் துணியையும் அவள் கையில் கொடுத்தேன். தேய்த்துப் பார்த்தாள். அடுத்த மாதம் அவள் ஊரிலிருந்து இரண்டு குழந்தைகளின் ஈறைப் பற்றி அவளே வந்து சொன்னாள். அதற்குப் பிறகு என்னைவிட அவள்தான் அதிகம் சாமியாடினாள்.

அம்மை குத்துகிறவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கால் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும், ஆனால் அவரைக் கண்டால் குழந்தைகள் நிற்காது. அதனால் ஊருக்குள் நுழைந்ததும் குதிகாலில் நடக்கிற பந்தயம் வைத்தார். விரலைத் தூக்கிக்கொண்டு குதிகாலால் மட்டும் நடக்க வேண்டும், வாத்து மாதிரி. முதலில் அவரே நடந்து காட்டுவார். அந்த நெட்டை ஆள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாத்து நடை நடந்தால் ஊரே சிரிக்கும். குழந்தைகள் வரிசையாக நடக்கும். நடக்க முடியாத குழந்தை தனியாகத் தெரிந்துவிடும். அந்த வீட்டுக்கு நான் போய் ஏனத்தைத் தேய்த்துப் பார்ப்பேன். எந்தப் புத்தகத்திலும் இதைப் படிக்கவில்லை. நாங்களே ஆரம்பித்தோம், மற்ற ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச காலத்தில் எருமை கட்டுகிற தாவளம், கோயில் வாசல் எங்கே பார்த்தாலும் குழந்தைகள் குதிகாலில் நடந்துகொண்டிருந்தன. ஏன் என்று அவற்றுக்குத் தெரியாது.

அந்தப் பெண் குழந்தைக்கு வயிற்றுவலி முதலில் போனது. பிறகு சாப்பாடு இறங்கியது. கால் மட்டும் பிடிவாதமாக இருந்தது. நான் தினமும் அந்த வீட்டு வாசலைப் பார்ப்பேன். மண்ணில் கோடு இருக்கும். ஆடியில் ஒரு கோடு சிறிதாகிவிட்டது. ஆவணியில் ஒரு நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. தாய் வரப்பில் நின்று என்னைக் கூப்பிட்டாள். ஏதோ ஆகிவிட்டது என்று ஓடினேன். அவள் குனிந்து வரப்பைக் காட்டினாள். ஈர மண்ணில் சின்னப் பாதங்கள், குதிகால் தனியாக, விரல்கள் தனியாக. கோடு இல்லை. குழந்தை வரப்புக் கடைசியில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தது.

"மிதிச்சறாதீங்க" என்றாள் தாய். நாங்கள் இரண்டு பேரும் வரப்பை விட்டு இறங்கிச் சேற்றில் நடந்து போனோம்.

அடுத்த தையில் உங்கள் குழந்தைக் காட்சி மறுபடியும் நடந்தது. இந்தத் தடவை பரிசு போகணி இல்லை. பாவாடைத் துணி. ஏன் மாறியது என்று நீங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. மாற்றினீர்கள் என்றால் தெரிந்துதான் மாற்றினீர்கள். என்னை நீங்கள் ஆத்தூருக்கு மாற்றவும் இல்லை. மாற்றினால் அங்கேயும் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள்.

மாற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மோகனூர்ப் பக்கம் நாங்கள் இருந்தோம். நாமக்கல் வரைக்கும் செய்தி போனது. ஆனால் நீங்கள் போகணி கொடுத்தது இங்கே மட்டும் இல்லை. கிழக்கே ஆத்தூர்ப் பக்கமும் அதே வருஷம் கொட்டகை போட்டீர்கள், அதே கட்டி, அதே பூச்சு. அங்கே எங்களுக்கு ஆள் இல்லை. எட்டிய மட்டும் சொல்லி அனுப்பினோம். எட்டியதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எட்டியிருக்கும். எல்லா மிட்வைஃபும் உங்கள் சம்பளத்தில்தானே இருந்தோம்.

நம்முடைய குழந்தைக்கு இப்போது குழந்தைகள் இருக்கிறார்கள். காடு மேடெல்லாம் நடக்கிறாள், எருமை ஓட்டுகிறாள். களைத்துப்போனால் இடது கால் கட்டைவிரல் கொஞ்சம் தேயும், செருப்பு அந்த இடத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும். உங்கள் பேச்சைப் பற்றி அவளிடம் சொன்னேன். "எம் போகணியப் பத்திப் பேசுனாராக்கும்?" என்று சிரித்தாள். அவளுக்குக் கோபம் இல்லை. அவளுடைய பங்கையும் சேர்த்து எனக்கு இருக்கிறது.

வருகிற தையில் மோகனூரில் உங்களுக்கு இன்னொரு விழா என்று கேள்விப்பட்டேன். அவள் வருவாள், நான் வருவேன். அந்த அம்மை குத்துகிறவரும் உயிரோடுதான் இருக்கிறார், தடி ஊன்றிக்கொண்டு வருவார். இந்தத் தடவை கடைசி வரிசையில் உட்கார மாட்டோம். பொன்னாடை போர்த்துவதற்கு முன்னால் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். கைக்குட்டை கறுத்ததைப் பார்த்த பிறகு ஏன் வாயை மூடச் சொன்னீர்கள்? ஆத்தூர்ப் பக்கத்துப் போகணிகளைத் திரும்ப வாங்க யாரை அனுப்பினீர்கள்? மிட்வைஃப் படிப்புக்கு இன்றைக்கும் நீங்கள் தேர்வு வைக்கிற பெண்களுக்குக் குழந்தையின் ஈறைப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறீர்களா?

வீட்டுக்குக் கடிதம் போட வேண்டாம். ஆள் விட வேண்டாம். ஊர் முன்னால், ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்.